மூன்றடியிலேயே நின்ற ஏரி

பழவேற்காடு ஏரிக்கரையில் நிற்கிறேன். படகுத்துறையைச் செப்பனிடும் முன் தண்ணீரின் ஏற்ற இறக்கத்தை அளந்து வரச் சொல்லி சித்தூரிலிருந்து என்னை அனுப்பியிருக்கிறார்கள். தண்ணீரில் நான் நட்டுவைத்த அளவுகோலோ எட்டு நாளாக மூன்றடியே காட்டுகிறது. இவ்வளவு அடக்கமான ஏரியும் உண்டா?

படகோட்டி எல்லப்பன் பெருமையாகச் சிரிக்கிறார். "கம்பு முழுகிக்கினே வந்துச்சுங்க ஐயா. கெவர்மெண்டு கம்பாச்சே, உட்டுடுவேனா? தெனம் தூக்கிப் பழைய கோட்டுக்கே நட்டேன்."

எட்டு நாள் வேலையும் பாழ். "தண்ணி எவ்வளவு ஏறுச்சுன்னு இனிமே யாருய்யா சொல்லுவாங்க?" என்று கத்துகிறேன்.

"நான் சொல்றேன். தெனம் ஒரே எடத்துல நின்னுதானே படகு தள்றேன்?" முழங்காலில் தொடங்கி இடுப்புவரை எட்டு இடம் தொட்டுக் காட்டுகிறார்.

அளவுகோலைப் பிடுங்கி வந்து அவர் காலோடு சேர்த்து நிறுத்துகிறேன்.

"அசையாம நில்லுங்க. மொத நாள் எங்க?"