மிதந்த ஈரல்

திரேஸ்புரத்தில் சுறா ஈரல் எண்ணெய் காய்ச்சும் கொட்டகையில் நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபத்தொன்றில். விளாத்திகுளத்துக் கரிசலிலிருந்து போய் வேதியியலில் பி.எஸ்ஸி. வாங்கியவன் நான். எங்கள் குடும்பத்துக்குள் அப்படியொரு காகிதம் அதற்கு முன் நுழைந்ததில்லை. எண்ணெயில் வைட்டமின் எவ்வளவு என்று சோதித்துச் சொல்வது என் வேலை. என் கண்ணாடிக் குழாய்கள் சொல்வதற்கு முன்பே இனிகோ அண்ணாச்சி பாதியைச் சொல்லிவிடுவார்.

அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. முன்னால் தள்ளிய வயிறு, மெல்லிய கால்கள். படகிலிருந்து இறங்கும் ஈரல்களைக் கடல்தண்ணீர்த் தொட்டியில் ஒவ்வொன்றாக விடுவார். நன்றாக மிதந்தால் எண்ணெய் உண்டு, காய்ச்சுகிற கொப்பரைக்குப் போகும். தாழ்ந்தால் ஒதுக்கிவிடுவார். "சுறாவுக்கு வயித்துக்குள்ள காத்துப்பை கிடையாது. ஈரல்ல இருக்கிற எண்ணெயிலதான் அது மிதந்து திரியுது. கொழுத்த ஈரல்தான் நல்ல ஈரல்" என்பார்.

பகல் முழுக்க அந்தக் கொப்பரையின் ஆவியில் நிற்பவருக்கு வீட்டில் மீன் ஆகாது. தட்டில் மீனைக் கண்டாலே குமட்டும். அதனால் அவர் மனைவி கிளாடிஸ் அக்கா அவருக்கென்று தனியாகச் சமைத்தார். பரோட்டாவை வனஸ்பதியில் முக்கிப் பொரிப்பார். ஆட்டுக்கொழுப்பை உருக்கி அதில் முட்டையை உடைத்து ஊற்றுவார். கொட்டகை நாற்றத்தை அமுக்குகிற அளவுக்கு அடுப்பில் மணம் எழுந்தால்தான் மனிதர் சாப்பிட உட்காருவார். பத்து வருஷமாக இதுதான் நடந்தது.

எழுபத்திரண்டு ஆடியில் அவருக்கு வலது விலாவுக்குக் கீழே கல்லைக் கட்டியதுபோல் கனத்தது. படி ஏறினால் களைத்தார். டவுனில் ஒரு டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, ரத்தம் சோதித்து, பாளையங்கோட்டையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கொடுத்தார். மறுநாள் அதை அக்கா கொட்டகைக்கே எடுத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, நீங்க படிச்சவுக. இதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்க."

என்னைக் கேட்டதில் எனக்குப் பெருமை. கடிதத்தை உதறி விரித்து, ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னேன். ஈரல் வீங்கியிருக்கிறது. ரத்தத்திலும் அது தெரிகிறது. நோயாளிக்கு நெடுநாள் குடிப்பழக்கம்.

சொல்லி முடித்து நிமிர்ந்தபோது அக்கா கடிதத்துக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அக்காவுடைய தகப்பனார் குடித்தே செத்தவர். பெண் கேட்டு வந்த மூன்று பேரில் இனிகோவுக்குச் சரி என்று அக்கா சொன்னது, இந்த ஆள் அதைத் தொடுவதில்லை என்ற ஒரே காரணத்துக்காக. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மதுவிலக்கை எடுத்துச் சாராயக்கடை திறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கொட்டகையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒன்று இருந்தது.

வீட்டில் சண்டை வரவில்லை. சண்டை வந்திருந்தால் தேவலை என்றார் அண்ணாச்சி.

"அந்த டாக்டரு என்னக் கேக்காமலே எழுதிட்டாரு. நான் தொட்டதில்லன்னு சொன்னாலும் இவ வாயத் திறக்கமாட்டேங்கா. சாயங்காலம் நான் சட்டையக் கழத்துனா எடுத்து மோந்து பாக்கா. நம்ம சட்டையில என்ன தெரியும்? இந்த நாத்தத்துக்குள்ள ஒரு பீப்பாய் சாராயத்தையே ஒளிச்சி வைக்கலாம்."

கொப்பரைக்கு விறகு தள்ளும் ரோச் சும்மா இருக்கவில்லை. "ஏலே இனிகோ, எங்களுக்கு ஒரு சொட்டு தராம எங்கன வச்சிலே ஊத்திக்கிடுத?"

"நீ குடிச்சதுபோக மிச்சம் இருந்தால்லா எனக்கு" என்றார் அண்ணாச்சி. எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. காகிதத்தில் அச்சடித்ததை நம்பிப் படித்து வந்தவன் நான். உள்ளுக்குள் நானும் அவர் குடிப்பார் என்றே நினைத்தேன்.

பாளையங்கோட்டைக்கு மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். அக்கா ஜன்னலோரம், நடுவில் நான். டாக்டர் வரலக்ஷ்மி மெல்லிய குரல்காரர். விலா வழியே ஊசி விட்டு ஈரலில் ஒரு நூல் அளவு எடுத்து, மருந்துப் புட்டியில் போட்டார். படுத்திருந்த அண்ணாச்சி கேட்டார்:

"மிதக்குதாம்மா, தாழ்ந்துட்டா?"

டாக்டர் புட்டியைத் தூக்கிப் பார்த்தார். "மிதக்குது. இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப எண்ணெய் ஈரல்தான். சுறாவா இருந்தா சந்தோசப்பட்டிருப்பேன்."

அடுத்த வாரம் முடிவு வந்தது. ஈரலுக்குள் கொழுப்பு நிறைந்திருந்தது. டாக்டருடைய கவலை அது மட்டுமில்லை. "கொழுப்புச் சேந்த இடத்துல அங்கங்க அழற்சி ஆரம்பிச்சிருக்கு. புகையுதுன்னு வச்சுக்குங்க, இன்னும் தீ பத்தல. தழும்பு விழல. இப்பவே கவனிச்சா பழைய நிலைக்குத் திரும்ப வாய்ப்பு இருக்கு. விட்டா ஈரல் சுருங்கிப்போகும்."

ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அக்கா முதல்முறையாகப் பேசினார். "இது குடிச்சதால வந்ததா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்கம்மா."

டாக்டர் முடிவுத்தாளை மேசையில் வைத்தார். "இந்தத் துண்டைப் பாத்து அதைச் சொல்ல முடியாதும்மா. குடிச்சாலும் இப்படித்தான் இருக்கும். ஆனா குடிக்கவே செய்யாத சிலர்கிட்டயும் இதைப் பாத்திருக்கேன். உடம்பு பெருத்தவங்க, கொழுப்பும் எண்ணெயும் ரொம்பச் சாப்பிடுறவங்க. இவர் என்ன சாப்பிடுவார்?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார். "நீங்க சும்மா இருங்க" என்று தடுத்துவிட்டு அக்காவே சொன்னார். காலையில் வனஸ்பதியில் பொரித்த பரோட்டா, ஆறு. மத்தியானத்துக்கு ஆட்டுக்கொழுப்பில் வதக்கிய கறி, சோற்றுக்கு மேலே உருக்கிய கொழுப்பு ஒரு கரண்டி. சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. ராத்திரிக்கு என்ன என்று டாக்டர் கேட்டபோது, "அதேதான்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புருஷனை நம்பவேண்டுமானால் அக்கா தன் கைச்சமையலைக் குற்றம் சொல்லவேண்டும். குடி என்று வைத்துக்கொண்டால் அவருக்கு ஒரு பாரமும் இல்லை. எது என்று தீர்த்துச் சொல்ல அந்த ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை.

திரும்பும் பஸ்ஸிலும் நான்தான் நடுவில். வழியில் எங்கள் பக்கத்துப் புதுக்கோட்டை தாண்டியதும் அண்ணாச்சி என்னைத் தாண்டிக் குனிந்து, "ஏளா, நீ ஆக்கிப்போட்டது ருசியாத்தான் இருந்துச்சி" என்றார். அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் தூக்குச்சட்டியோடு அக்கா கொட்டகைக்குள் வந்தார். கொப்பரைகள் கொதித்துக்கொண்டிருந்தன. மூடியைத் திறந்தார். கஞ்சி, அதன்மேல் எண்ணெய் தொடாமல் புளிவிட்டு அவித்த சாளைமீன்.

ரோச் எட்டிப் பார்த்தான். "என்ன மைனி, குடிகாரனுக்குப் பத்தியமா?"

"அவுக குடிச்சதில்ல, ரோச்சு. பத்து வருசமா நான்தான் ஊத்தி ஊத்திக் குடுத்திருக்கேன், எண்ணெயும் கொழுப்புமா. அவுக ஈரல் கெட்டது என் அடுப்புல. இனி யாரும் அவுகள ஒண்ணு சொல்லப்பிடாது."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் கொட்டகையில் இருந்த ஒன்பது பேருக்கும் கேட்டது. ரோச் ஒரு விறகை எடுத்து அடுப்பில் தள்ளிவிட்டு அந்தப் பக்கம் போனான்.

அண்ணாச்சி சட்டியைப் பார்த்தார். சாளைமீன் வாடைக்கு முகம் சுளித்தது. "இத எப்படிளா தின்ன?"

"மூக்கப் பிடிச்சிக்கிட்டுத் தின்னுங்க. நாளைக்கும் இதான்."

அவர் நிஜமாகவே மூக்கைப் பிடித்துக்கொண்டார். அக்கா ஒரு காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு, அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.