புலிக் கவசம் நான் செய்யவில்லை

ரங்கூன் ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில் இரண்டு மர அறுவை ஆலைகள். இக்கரையில், நகர நடுவே கியாக்டடாவில், சூலே பகோடாவுக்குப் போகிற சாலையிலேயே, மேசை நாற்காலிக் கடை. ஆற்றங்கரையில் மரம் அடுக்க ஒரு கிடங்கு. நம் ஜனங்கள் கும்பிடுகிற கோயிலுக்குத் தேக்குக் கதவு. இத்தனையும் நான் உண்டாக்கியவை. அப்பன் கொடுத்ததில்லை, மாமனார் கொடுத்ததில்லை. கப்பலின் மேல்தளத்தில் வாந்தி எடுத்துக்கொண்டே ரங்கூன் வந்து இறங்கியவன் நான். படிப்பு இரண்டாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டு மாட்டுக்குப் புல் அறுத்தேன். நான் உளி பிடிக்கிற லட்சணத்தைப் பார்த்துச் சீனத் தச்சர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்கள் பிள்ளைகளே என் ஆலைக்கு வேலை கேட்டு வந்தார்கள். யுத்தத்தில் குண்டு விழுந்து ஆலை எரிந்தது. மறுபடியும் கட்டினேன். ரங்கூனில் இதை வேறு எவன் செய்தான், சொல்லுங்கள் பார்க்கலாம்.

போன மாதம் என் அறுபதாம் கல்யாணத்தன்று சங்கத்தார் மேடை போட்டு மாலை போட்டார்கள். ஒரு வாலிபர் என் சாதனைகளை வாசித்தார். ஆலை, கடை, கிடங்கு, கதவு. எல்லாம் சரியாகத்தான் வாசித்தார். கடைசியில் குரலை உயர்த்தி, "புலி பாய்ந்தாலும் உயிர் காக்கும் கவசத்தை ரங்கூன் நகரிலே முதன்முதலாகச் செய்து காட்டியவர்" என்றார். எல்லாவற்றையும்விட அதற்குத்தான் பலத்த கைதட்டல். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கமான மனிதர் என்று பின்னால் யாரோ பேசிக்கொண்டார்கள். எனக்கு அடக்கம் கிடையாது, என்னைத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும். நான் குனிந்தது வெட்கத்தால்.

அந்த வாசகத்தை அப்படியே விழா மலரில் அச்சடிக்கப் போகிறார்களாம். அதற்கு முன் என் கையால் நாலு வார்த்தை வேண்டும் என்று கேட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஆள் குள்ளம். குள்ளம் மட்டுமில்லை, தோள் குறுகல், கை குட்டை, கழுத்து மட்டும் நீளம். கடையில் என் நாற்காலிக்கு மட்டும் கால் உயரமாக இருக்கும், நானே செய்துகொண்டது. வாலிபத்தில் இந்த உடம்பை நினைத்து நான் பட்ட கூச்சம் கொஞ்சமல்ல. அந்த உடம்புதான் இந்தக் கதைக்கு மூலம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், கியாக்டடாவில் ஒரு துப்பாக்கிக் கடையில் தச்சு வேலை பார்த்தேன். கடைக்காரர் ஒரு வெள்ளைக்கார துரை. முன்பு மதராஸில் இருந்தவர், ஆகையால் எங்களோடு ஒருவிதத் தமிழ் பேசுவார். துப்பாக்கியில் இரும்பெல்லாம் சீமையிலிருந்து வந்துவிடும். தோளில் முட்டுக்கொடுத்துப் பிடிக்கிற மரப்பகுதி இருக்கிறதே, அதைக் கட்டை என்போம். அதை ஆளுக்குத் தக்கபடி செதுக்கித் தருவதுதான் எங்கள் வேலை. கை நீளமானவருக்கு நீளக் கட்டை, தடித்தவருக்கு வேறு மாதிரி. சட்டை தைப்பது போலத்தான், ஆனால் அளவு தப்பினால் சட்டை உதைக்காது, துப்பாக்கி உதைக்கும்.

அந்தக் காலத்தில் காட்டு இலாகா துரைகளோடும் தேக்கு வெட்டும் துரைகளோடும் அவர்கள் சம்சாரங்களும் காட்டுக்குப் போவார்கள். துரைசாணிமார் மான் சுட்டார்கள், பன்றி சுட்டார்கள். அவர்களுக்குத் துப்பாக்கி கேட்டு வந்தால் எங்கள் கடையில் ஒரே வைத்தியம்தான்: ஆண்பிள்ளைத் துப்பாக்கியின் கட்டையைப் பின்னால் ஓர் அங்குலம் அறுத்துத் தள்ளுவது. பெண் என்றால் சின்ன ஆண் என்று நினைப்பு. எல்லாக் கடையிலும் அப்படித்தான்.

அப்படி வாங்கிப்போன ஒரு துரைசாணி ஒருநாள் வேட்டை ரைஃபிளைத் திருப்பிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். வலிக்கிறது என்றாள். எங்கே என்று துரை கேட்டார். அவள் முகம் சிவந்துபோய்ச் சுவரைப் பார்த்தாள். துரையும் சிவந்துபோய் வேறு சுவரைப் பார்த்தார். அளவு கொடுக்க நேரில் நிற்கவும் அவளுக்கு மனமில்லை. மறுநாள் தன் வேட்டைக் கோட்டைப் பட்லர் கையில் கொடுத்தனுப்பிவிட்டாள், இதை வைத்துச் செய்துகொள்ளுங்கள் என்று.

துரை கோட்டைத் தூக்கிப் பிடித்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பார்வை என்னிடம் வந்து நின்றது.

"நீ. இதைப் போடு."

போட்டேன். எனக்கென்றே தைத்தது போலப் பொருந்தியது. தோள், கை, எல்லாம். நெஞ்சில் மட்டும் துணி தொங்கியது. துரை ஒரு கணம் யோசித்துவிட்டு, பாலிஷ் போடும் மேசையிலிருந்து பஞ்சை அள்ளி, "உள்ளே வை" என்றார்.

பட்டறையே விழுந்து விழுந்து சிரித்தது. எங்களுக்கெல்லாம் மூத்த தச்சர் ஒருவர், ராமநாதபுரம் பக்கத்து ஆள், அண்ணே என்போம். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று கும்பிட்டார்.

"வாங்க துரைசாணியம்மா. காப்பி சாப்புடுறீகளா, பழரசம் சாப்புடுறீகளா?"

"போதும்ணே."

"கோவத்தப் பாரு! கோவிச்சா இன்னும் அழகாத்தேன் இருக்கீக."

பாலிஷ் வேலை பார்த்த பர்மியர் அதுவரை என்னைக் 'கோ' போட்டுத்தான் கூப்பிடுவார், ஆண்பிள்ளைக்குப் போடுகிற மரியாதை. அன்றைக்கே அது 'மா' ஆகிவிட்டது, அவர்கள் இளம்பெண்களைக் கூப்பிடுகிற மாதிரி. அந்த வேலை முடியும்வரை நான் அந்தப் பட்டறையில் மா தான். இரவு படுத்தால் தூக்கம் வராது. ஊருக்கே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

துரை என்னைச் சம்பான் படகில் ஏற்றி டாலாவுக்குக் கூட்டிப்போனார். அப்போது அங்கே கப்பல் பட்டறையைத் தாண்டினால் வெறும் வயல்தான். மண்மேட்டில் பலகை நட்டு, அந்தக் கோட்டோடும் பஞ்சோடும் என்னைச் சுடச் சொன்னார். சுட்டேன். இரண்டாவது குண்டிலேயே எனக்கு விளங்கிவிட்டது. கட்டையின் பின்பக்கத்தில் கீழ் மூலை கூராக நிற்கிறது. ஆணின் தட்டையான நெஞ்சில் அது சும்மா உட்கார்ந்துகொள்ளும். இங்கே அது பஞ்சுக்குள் போய் முட்டி, அதன் அடியில் இருந்த என் எலும்பையே இடித்தது. அந்த இடத்தில் பஞ்சுக்குப் பதில் உயிருள்ள சதை இருந்தால் என்ன பாடு பட்டிருக்கும்! அவள் சுவரைப் பார்த்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. இன்னொன்று, என்னைப் போல் கழுத்து நீளமானவர்கள் குறிபார்க்கக் கன்னத்தை எட்டிக் கீழே இறக்க வேண்டியிருந்தது. வெடித்தவுடன் கட்டை எழும்பிக் கன்னத்தில் அறைந்தது.

"துரை, குட்டையாக்கினா மட்டும் பத்தாது" என்றேன். "கீழ் மூலையைச் சாய்ச்சு உள்ளே இழுக்கணும். நெஞ்சுல ஏறாம வெளிப்பக்கமாத் திருப்பணும். கன்னம் படுற எடத்தைத் தூக்கணும். புடி மெலிசாகணும்."

துரை கெட்டிக்காரர். நான் சொல்லி முடிப்பதற்குள் பென்சிலை எடுத்துக் கட்டையிலேயே கோடு போட்டார். "நீயே செய்" என்றார். சீமையில் இதை யாராவது முன்பே கண்டிருக்கலாம், எனக்குத் தெரியாது. ரங்கூனில் கண்டவன் நான்தான்.

புது வால்நட் மரத்தில் கட்டையைச் செதுக்கினேன். பிறகு அளவு பார்க்கும் நாள் வந்தது. அதற்கு ஒரு முறை உண்டு. குண்டில்லாத துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, எதிரே நிற்கிற ஆளின் கண்ணையே குறிபார்க்க வேண்டும். அவர் குழலின் மேலாகச் சுடுபவரின் கண்ணைப் பார்ப்பார். கண் குறிக்கு நேரே நின்றால் கட்டை பொருந்திவிட்டது என்று அர்த்தம். நான் கோட்டோடு நின்றேன். எதிரே துரை, ஒரு கண்ணை மூடிக்கொண்டு. "என் கண்ணைப் பார். ஆடாதே."

அந்த நேரம் பார்த்துத்தானா வாசலில் என் வருங்கால மச்சான் வந்து நிற்க வேண்டும்!

எனக்கு அப்போது பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா துறைமுகத்தில் மேஸ்திரி. எனக்கோ முன்னும் பின்னும் யாருமில்லை, அந்தச் சம்பந்தம் அமைந்தால்தான் ரங்கூனில் நானும் ஒரு மனிதன். மாப்பிள்ளை எப்படி வேலை செய்கிறான் என்று சொல்லாமல் கொள்ளாமல் பார்த்துவரப் பெண்ணின் அண்ணனை அனுப்பியிருக்கிறார்கள்.

"ஐயோ, தொரையச் சுடாதீங்க!" என்று ஒரே கூச்சல்.

துப்பாக்கியைத் தாழ்த்தித் திரும்பினேன். மச்சான் கண் என் முகத்திலிருந்து இறங்கி நெஞ்சில் வந்து நின்றது.

"என்ன மாப்பிள்ள இது?"

பெண் வீட்டார் காதில் இது விழுந்தால் கல்யாணம் அன்றோடு சரி. இத்தனை நாள் என்னைக் கேலி செய்த தச்சர் அண்ணன்தான் தலையை நிமிர்த்தாமல், இழைப்புளியை ஓட்டிக்கொண்டே சொன்னார்.

"புலிக் கவசம் தம்பி. வேட்டைல புலி பாஞ்சு அறைஞ்சா நகம் பஞ்சுல மாட்டிக்கும்ல. மாப்பிள்ள போட்டுச் சோதிச்சுப் பாக்குறாக. உசுரப் பணயம் வச்ச வேல."

மச்சான் அசந்துபோய்விட்டான். பக்கத்தில் வந்து பஞ்சை மெதுவாக அமுக்கிப் பார்த்தான். துரைக்கு அண்ணன் பேசிய வேகத்தில் ஒன்றும் புரியவில்லை. அன்று சாயங்காலமே மச்சான் வீட்டில் சொல்ல, சம்பந்தம் முடிவாகிவிட்டது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. துரைசாணி துப்பாக்கியை வாங்கிக்கொள்ள வந்த நாளில் மச்சான் தன் அப்பாவையும் கூட்டிவந்தான், கவசத்தைக் காட்ட. நல்லவேளை, கோட்டுத் திரும்பிப் போயிருந்தது. இருவரும் ஓரமாக நின்றார்கள். துரைசாணி ரைஃபிளைத் தோளில் ஏற்றினாள், இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். முகம் மலர்ந்தது. துரையிடம் ஏதோ கேட்டாள். துரை நேர்மையான மனிதர், என்னைக் கைகாட்டினார்.

"அம்மா கேக்குது, இது யாருக்குத் தெரிஞ்சதுன்னு. நீ சொல்லு. எப்படித் தெரிஞ்சது, சொல்லு."

எல்லார் கண்ணும் என்மேல். தச்சர் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பர்மியர் 'மா' என்று மெல்லச் சொன்னார். வருங்கால மாமனார் மீசையைத் தடவிக்கொண்டு காத்திருந்தார். நான் வாயைத் திறந்தால் கோட்டைச் சொல்ல வேண்டும், பஞ்சைச் சொல்ல வேண்டும், இந்த உடம்பு ஒரு துரைசாணி உடம்பின் அளவு என்று சொல்ல வேண்டும்.

"எல்லாம் துரை செஞ்சதுதான்" என்றேன்.

துரை தோளைக் குலுக்கிவிட்டு அவளிடம் பேசப் போய்விட்டார். அதன்பின் எத்தனையோ துரைசாணிமாருக்கு அந்தக் கட்டையைச் செதுக்கினேன். மோல்மீனில் பர்மிய ஆலைக்காரி ஒருத்திக்குக்கூடச் செய்தேன். எல்லாவற்றிலும் துரை கடை முத்திரைதான் விழுந்தது. துரைமேல் குற்றமில்லை. நானே தூக்கிக் கொடுத்தது.

எனக்குக் கிடைத்தது புலிக் கவசம். மச்சான் அதை ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் சொன்னான். சொல்லச் சொல்லப் புலி பெரிதாகிக்கொண்டே போனது. அவன் போய்ச் சேர்ந்துவிட்டான், கதை போகவில்லை.

அறுபதாம் கல்யாணத்தன்று வீடு திரும்பியதும், என் சம்சாரம் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே தனக்குள் சிரித்தாள்.

"என்னடி சிரிக்கிற?"

"புலிக் கவசமாம்."

"அதுக்கென்ன?"

"எங்க அண்ணன் அன்னிக்கு வந்து சொன்னப்பவே சிரிச்சேன். எந்த ஊருக் கவசத்துக்கு நெஞ்சுல ரெண்டு எடத்துல மட்டும் பஞ்சு வெப்பாங்க? வயித்துல புலி கடிக்காதா?"

எனக்குக் காது சூடேறியது. இந்த வயதில், பேரப்பிள்ளைகள் உள்ளே தூங்கிக்கொண்டிருக்க, ஒளிந்துகொள்ள இடம் தேடினேன்.

"தெரிஞ்சுமா கட்டிக்கிட்டே?"

"மாப்பிள்ள தொரை கண்ணுக்கு நேரா துப்பாக்கிய நீட்டிக்கிட்டு நின்னாரு, கை ஆடலன்னு அண்ணன் சொல்லுச்சு. அது போதும்னு தோணுச்சு. மிச்சத்த நீங்களே ஒருநா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அன்றுதான் சொன்னேன். கீழ் மூலை, கன்னம், பிடி, எல்லாம். இடையில் குறுக்கிடாமல் கேட்டாள்.

"அப்ப அந்தம்மாவுக்கு அப்புறம் வலிக்கலையா?"

"வலிக்கல."

"ஆம்பளைங்களுக்குத் தெரியாத எடத்து வலியைப் போக்கியிருக்கீங்க. இத வெளிய சொல்லவா இத்தன வருசம்?" விளக்கைச் சின்னதாக்கிவிட்டுப் படுத்துக்கொண்டாள். நான் உட்கார்ந்தே இருந்தேன். ஊராருக்கு முன்னால் பட்ட வெட்கத்தைவிட, இதை இத்தனை வருஷம் மறைத்துவைத்த வெட்கம் பெரிதாக இருந்தது.

ஆகையால் சங்கத்தாருக்குச் சொல்கிறேன். அந்தக் கவச வரியை அடித்துவிடுங்கள். அதைச் சொன்னது தச்சர் அண்ணன், வளர்த்தது மச்சான், எனக்கு அதில் பங்கில்லை. அந்த இடத்தில் இப்படிப் போடுங்கள்: பெண்கள் தோளுக்கும் நெஞ்சுக்கும் கன்னத்துக்கும் பொருந்துகிற வேட்டைத் துப்பாக்கிக் கட்டையை ரங்கூனில் முதலில் செதுக்கியவர் இவர், ஒரு துரைசாணியின் கோட்டைப் போட்டுக்கொண்டு, பஞ்சு வைத்துக்கொண்டு, தன் உடம்பிலேயே சோதித்துக் கண்டவர். கோட்டை விட்டுவிட்டுக் கட்டையை மட்டும் போடக்கூடாது. பஞ்சையும் போட வேண்டும். இடம் போதாவிட்டால் ஆலையை எடுங்கள், கிடங்கை எடுங்கள். இது எனக்குச் சேர வேண்டியது, இதைப் போட்டே ஆக வேண்டும்.