கலைமதி எழுதாமல் விட்ட நடை

கடத்தூர் பக்கத்து மாம்பழக்கூழ் ஆலை ஒன்றில் கலைமதி வேலை பார்த்தாள். கூடவே முனைவர் பட்டத்துக்கும் படித்தாள். ஆலை வாசலில் லாரிகள் ஏன் காத்துக் கிடக்கின்றன என்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஓடுகிற ஆலையை நிறுத்திச் சோதிக்க முடியாது. அதனால் கம்ப்யூட்டருக்குள் ஓர் ஆலையைக் கட்டினாள். ஒரே சீசனை அதில் ஆயிரம் தடவை ஓட்டி, எல்லா ஆலைக்கும் பொருந்துகிற விதி ஒன்றைக் கண்டுபிடிக்க நினைத்தாள்.

அதற்காக ஒரு மாதம் வாசலில் நின்று, எடைமேடையில் லாரிகளை எடை போடும் ராஜப்பனின் வேலையை நிமிடக் கணக்கில் குறித்தாள். ஒரு வண்டிக்கு நாலு நிமிடம். இடையில் அவர் லாரி வரிசை ஓரமாக நடந்துவிட்டு வருவார். அதைச் ‘சும்மா’ என்று எழுதினாள்.

“பீடி குடிக்கறதயும் எழுதிட்டீங்களா மேடம்?”

“அதுக்குத் தனி நோட்டு இருக்குண்ணா.”

பாதி நாள் அவர் சும்மா இருப்பதாகக் கம்ப்யூட்டர் காட்டியது. அதில் எடை வேலையை வாட்ச்மேனிடம் கொடுத்து ஓட்டிப் பார்த்தாலும் லாரிகளின் காத்திருப்பு கூடவில்லை. அவள் கொடுத்த அறிக்கையில் முதலாளி அந்த ஒரு பக்கத்தை மட்டும் படித்தார். அடுத்த சீசன் தொடங்கும் முன்பே ராஜப்பனை நிறுத்திவிட்டார்.

அந்த சீசனில் வாசலிலேயே பழம் அழுகியது. கலைமதிக்குக் காரணம் பிடிபடவில்லை. ஒரு டிரைவர்தான் சொன்னார்: “ராஜப்பண்ணன் வண்டி வண்டியா மோந்து பாத்து, பழுத்த லோடை முன்னால வுடச் சொல்வாருங்க. இப்ப ஆரு பாக்கறா?”

கம்ப்யூட்டர் ஆலையில் அந்த நடையைச் சேர்த்தாள். அழுகல் குறைந்தது. நீக்கினாள். வாசலில் நடந்தது கம்ப்யூட்டரிலும் அப்படியே நடந்தது. சும்மா போலத் தெரிகிற நேரம்தான் ஆலையைக் காக்கிறது என்று எழுதினாள்.

“இதாம்மா கோட்பாடு” என்றார் அவளுக்கு ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர்.

ராஜப்பனைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி முதலாளியிடம் ஓடினாள். “அடுத்த வருசம் தரம் பாக்க மிஷினே வருது. அந்தாளு எதுக்கும்மா?” என்றார்.

ராஜப்பன் தொப்பூரில் ஒரு ரோட்டோரச் சாப்பாட்டுக் கடையில் மேசை துடைத்துக்கொண்டிருந்தார். முதலாளி மறுத்தது வரை எல்லாவற்றையும் சொன்னாள்.

“அப்ப கம்ப்யூட்டர்ல நானு இன்னும் வேலைல இருக்கேனா?”

“இருக்கீங்கண்ணா.”

“வூட்ல சொல்றேன்” என்று சிரித்தார்.

அவர் திட்டுவார் என்று நினைத்துத்தான் அவள் வந்திருந்தாள். அவர் கை கழுவிவிட்டு வந்து, அவளுக்கு இலை போட்டார்.