லண்டன் கடிகாரம்

எழுபதுகளில் காஞ்சிபுரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். கோடைக்காக லண்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள், வெளிநாட்டு நேர வித்தியாச அட்டவணையைத் திருத்துங்கள் என்று சுற்றறிக்கை வந்தது. அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர் வந்தார். லண்டனில் நர்ஸாக இருந்த மகளுக்கு அன்று இதய ஆபரேஷன்.

"அங்க காலைல எட்டு மணிக்கு உள்ள இட்டுக்கினு போறாங்களாம்மா. அதுக்கு முன்ன ஒரு வார்த்தை பேசணும்."

பழைய அட்டவணைப்படியே லண்டன் நேரம் ஏழரைக்கு என்று கணக்குப் போட்டு அழைப்பைப் பதிவு செய்தேன். லைன் கிடைத்தபோது அங்கே எட்டரை. மகளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

மறுநாள் அதே போனில் அவள் இறந்த செய்தியைக் கேட்டார். அழுதுகொண்டே என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"நீ இன்னாமா பண்ணுவ? உன்னால ஆனத செஞ்ச."

தவறு என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் திட்டியிருந்தால்கூட இத்தனை வருடத்தில் மறந்திருப்பேன்.