வேலிக் கம்பியில் செங்காந்தள்

என் பால்கனியில் துருப்பிடித்த வேலிக் கம்பி ஒரு துண்டு கிடக்கிறது. அதைக் காய்ந்த இலை நுனி ஒன்று சுருண்டு பிடித்திருக்கிறது. செங்காந்தளுக்குப் பற்றிக்கொள்ளத் தனி உறுப்பு கிடையாது. இலையே நீண்டு கூராகி, நுனி சுருண்டு, பக்கத்தில் கிடைத்ததைப் பிடித்து ஏறும். எனக்கு இதைச் சொன்னவள் அக்கா. மயிலாப்பூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்றவள். வேலையிலிருந்து மட்டும்தான் ஓய்வு, பாடம் நின்றதில்லை.

அடையாறில் எங்கள் தெருமுனையில் பழைய முட்புதர்க்காடு கொஞ்சம் மிச்சமிருந்தது. மணல் கலந்த மண், காரைச்செடிகள், அவற்றின் மேலும் சுற்றியிருந்த கம்பிவேலியின் மேலும் சாய்ந்தேறும் இந்தக் கொடி. மழைக்காலத்தில் இதழ்கள் பின்னோக்கி வளைந்து, மஞ்சளாய்த் திறந்து சிவப்பாய் முதிரும். மழை போனபின் கொடி மடிந்துவிடும். மண்ணுக்குள் கிழங்கு மட்டும் காத்திருக்கும்.

அங்கே வண்டி நிறுத்துமிடம் வரப்போகிறது என்று தெரிந்ததும் மனு கொடுத்தோம். மாநில மலராயிற்றே என்று அக்காவுக்கு நம்பிக்கை. அரசு அலுவலகத்தில் ஆயுளைக் கழித்த எனக்கு அது இல்லை. மனு ஏற்கப்பட்டது, கோப்பு நகர்ந்தது, எல்லாம் முறைப்படி. அதிகாரி ஆய்வுக்கு வந்தது அக்னி நட்சத்திரத்தில்.

"இன்னா மேடம், கொடின்னீங்க, பூன்னீங்க, ஒண்ணையும் காணோம்?"

"ஆடி தாண்டி வாங்க சார், காட்றேன்."

"அதுவரைக்கும் ஃபைல் தாங்காது மேடம்."

வேறு வழியின்றி அக்கா மண்ணைக் கிளறி, கலப்பைபோல் வளைந்த கிழங்கை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியதுகூட. பிறகு அதே கையால் பாக்கை எடுத்து வாயருகே கொண்டுபோனார்.

"ஐயோ, போடாதீங்க சார்! கையக் கழுவுங்க, அது விஷம்!"

காலமெல்லாம் மாணவிகளை எச்சரித்த வாய், சும்மா இருக்குமா? எங்கள் பாட்டில் தண்ணீரிலேயே கைகழுவிக்கொண்டு அவர் சொன்னார்: "விஷமா? மொதல்லயே சொல்லக் கூடாதா? கொழந்தைங்க வெளையாடுற எடம்!"

அங்கே எந்தக் குழந்தையும் விளையாடியதில்லை. ஆனால் அறிக்கை வந்தது: 'பொதுமக்கள் பாதுகாப்பு கருதி அகற்றலாம்.' அதில் ஒரு முறைகேடாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

வெட்டி வீசிய வேலியிலிருந்து இந்தத் துண்டை அக்கா எடுத்துவந்தாள். இப்போது அவள் இல்லை. அங்கே கார்கள் நிற்கின்றன. நுழைவாயில் பலகையில் அழகுக்காகச் செங்காந்தள் வரைந்திருக்கிறார்கள். இலை நுனிகள் மொழுக்கென்று இருக்கின்றன. படத்துக்கு எதையும் பிடித்து ஏற வேண்டியதில்லை.

நேற்று இந்தச் சுருளை விரலால் தளர்த்திப் பார்த்தேன். கம்பியின் துருதான் உதிர்ந்தது.