டீ குடித்து வந்தும் திறக்காத ஜன்னல்

என் தப்பை ஒரு பெண்ணின் தலையில் கட்டினேன். அதுவும் வாடிக்கையாளர் எதிரிலேயே. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்... இல்லாவிட்டால் போகப்போக நான் நல்லவன் மாதிரி தெரிய ஆரம்பித்துவிடுவேன்.

போன வாரம் வீட்டுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. அதன் வளைந்த தமிழ் எழுத்தைப் பார்த்ததும் பழசெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளில் தேனாம்பேட்டையில் எங்கள் சின்ன கம்பெனி. ஒரே ப்ரோகிராம் விண்டோஸிலும் ஓட வேண்டும், யூனிக்ஸிலும் ஓட வேண்டும். அதற்காகத் திரையில் ஜன்னல், மெனு, பட்டன் எல்லாம் வரைந்து கொடுக்கும் ஒரு லைப்ரரி — எந்த ப்ரோகிராமும் எடுத்துக்கொள்ளக்கூடிய பொதுத் தொகுப்பு — எழுதிக்கொண்டிருந்தோம். பட்டனும் மெனுவும் என் டீமில் இருந்த வசந்தியின் பொறுப்பு. ஃபான்ட் விவகாரம் டீம் லீடரான என் பொறுப்பு.

அந்த லைப்ரரியை வைத்துக் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்க ஒரு ப்ரோகிராம் செய்து, மயிலாப்பூரில் அச்சகம் வைத்திருந்த மணியிடம் கொடுத்தோம். எங்கள் ஆபீசில் தொட்டதும் திறந்தது. அங்கே?

"இன்னா சார் இது? க்ளிக் பண்ணிட்டு டீ குடிச்சிட்டே வந்துட்டேன்... இன்னும் தூங்கிக்கினு கீது!"

எனக்கு மானம் போனது. கூட வந்திருந்த வசந்தி பக்கம் திரும்பி, "பட்டன் வரையற பகுதி கொஞ்சம் மந்தம். ஏன் வசந்தி, பார்த்து எழுதக் கூடாதா?" என்று சொல்லிவிட்டேன். சோதித்துப் பார்த்தேனா? இல்லை. விஷயம் காதுக்கு எட்டி, மறுநாளே எங்கள் முதலாளி அவளை லைப்ரரியிலிருந்து எடுத்து, மேனுவல் எழுத உட்கார வைத்தார். நான் வாயே திறக்கவில்லை.

வசந்தி விட்டாளா? சாப்பாட்டு இடைவேளையில் அச்சகத்துக்கே போய், ஒவ்வொரு பகுதியாக நிறுத்திப் பார்த்திருக்கிறாள்.

"சார், பட்டனே இல்லாம ஓட்டினேன். அப்பவும் லேட். உங்க ஃபான்ட் பகுதியை நிறுத்தினேன்... பட்டுனு திறந்துடுச்சு."

உறைத்தது. அப்போதெல்லாம் தமிழ் ஃபான்ட் ஆளுக்கொரு விதம் — ஒன்றில் 'அ' இருக்கும் இடத்தில் இன்னொன்றில் 'ஞ' இருக்கும். எது எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள, ப்ரோகிராம் எழுந்ததுமே கம்ப்யூட்டரில் உள்ள எல்லா ஃபான்ட்டையும் திறந்து பார்க்கும்படி நான்தான் எழுதியிருந்தேன். ஆபீசில் இருந்தது நாலைந்து. பத்திரிகை அடிக்கும் மணியிடமோ ஊரில் உள்ள அத்தனையும்! ஒருத்தருக்குக் காபி கொடுக்க, கல்யாண மண்டபம் முழுவதையும் எழுப்பிய கதை.

கேட்ட ஃபான்ட்டைக் கேட்கும்போது மட்டும் திறந்தால் போதுமே? இருவரும் உட்கார்ந்து மாற்றினோம். மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்பு இருக்கட்டும் சார். மணி சார் எதிர்ல சொல்லுங்க. என் வேலையைத் திருப்பி வாங்கிக் கொடுங்க."

முதலாளியையும் வசந்தியையும் கூட்டிக்கொண்டு அதே அச்சகத்துக்குப் போனேன். "தப்பு என்னுடையது. வசந்தி எழுதியதில் ஒரு குறையும் இல்லை" என்றேன். மணி க்ளிக் செய்தார். மவுஸிலிருந்து கையை எடுப்பதற்குள் ஜன்னல் திறந்தது!

"அட இன்னா சார், இனிமே டீ குடிக்க டைம் எங்க கீது?"

வசந்தி சிரித்துவிட்டாள். சிரிக்கவே சிரிக்காத முதலாளியும் சிரித்தார். "நாளைலேர்ந்து லைப்ரரிக்கே வந்துடும்மா... ஃபான்ட்டையும் நீயே பார்த்துக்கோ."

இன்றைக்கும் வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாகத் திறந்தால் வசந்திக்குத்தான் போன் செய்கிறேன். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான் — "சார், அதுல நீங்க எழுதினது ஏதாவது இருக்கா?"