வெளியிலிருந்து பூட்டியவள்

அவர்களை உள்ளே வைத்து வெளியே பூட்டுப் போட்டது நான்தான். யார் கேட்டபோதும் இதை நான் மறுத்ததில்லை. போலீஸ் கேட்டது, வார்டன் கேட்டார், விசாரணைக் குழு கேட்டது, நாகர்கோவிலிலிருந்து போனில் என் அப்பா கேட்டார். "ஆமா, நான்தான் பூட்டினேன், இப்ப அதுக்கு என்ன?" என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். அப்பாவிடம் மட்டும் கடைசி வார்த்தைகளை விழுங்கிவிட்டேன்.

ஏன் பூட்டினேன் என்று சொல்ல வேண்டுமானால் குரங்குகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். தில்லியில் குரங்குகள் சுற்றுகிற வளாகத்தில் ஒரு மாதம் குடியிருந்து பார்த்துவிட்டு அப்புறம் சிரிக்கட்டும்.

எங்கள் விடுதிக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டி ஓர் அறை இருந்தது. ஒரு காலத்தில் டேபிள் டென்னிஸ் ஆடிய அறை. மேசை உடைந்த பிறகு யாரும் அதைச் சீந்தவில்லை. நாங்கள் மூன்று பேர் அலைந்து திரிந்து அதைச் சாமி கும்பிடுகிற அறையாகக் கேட்டு வாங்கினோம். ஒருத்தி நான், சி.எஸ்.ஐ. சபைக்காரி. இன்னொருவன் மேலப்பாளையத்திலிருந்து வந்த முஸ்லிம் பையன். என்னைவிட இளையவன், வந்த நாளிலிருந்து என்னை அக்கா என்றான், நானும் தம்பி என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன். மூன்றாமவள் தில்லியிலேயே பிறந்து லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்த ஐயர் வீட்டுப் பெண். அவளுக்குத் தமிழ் பேச வரும், பாதியில் இந்திக்குத் தாவிவிடும்.

வெள்ளிக்கிழமை மதியம் முஸ்லிம் மாணவர்கள் அங்கே தொழுவார்கள். செவ்வாய் மாலை அவள் விளக்கேற்றிப் பூஜை செய்து சுண்டல் தருவாள். ஞாயிறு காலை எங்கள் ஜெபக்கூட்டம். ஒரு சண்டை வந்ததில்லை என்று சொன்னால் அது பொய். ஊதுவத்தி வாசனைக்கும், ஆர்மோனியச் சத்தத்துக்கும், பாயைச் சுருட்டாமல் போனதற்கும் கன்னாபின்னாவென்று சண்டை போட்டிருக்கிறோம். ஆனால் மறுவாரம் எல்லாரும் வந்துவிடுவார்கள்.

அந்த அறையின் உள்தாழ்ப்பாள் எப்போதோ பிடுங்கிக்கொண்டு விழுந்துவிட்டது. மாற்றித் தரச் சொல்லி எழுதி எழுதி எனக்குக் கை ஓய்ந்தது. வெளியே ஒரு கொண்டி மட்டும்தான் மிச்சம். சுண்டல் வாசனை கண்ட குரங்குகள் அந்தக் கொண்டியைத் தூக்கக் கற்றுக்கொண்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தபோது ஒரு தடிக் குரங்கு உள்ளே வந்து, ஜெபம் நடத்திக்கொண்டிருந்தவரின் மூக்கிலிருந்தே கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. அன்றைக்கே பக்கத்து முனிர்கா கடைத்தெருவுக்குப் போய்ப் பூட்டு வாங்கினேன்.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. ஒரு மதத்தார் உள்ளே இருக்கும்போது, இன்னொரு மதத்தைச் சேர்ந்த ஒருவர் வெளியே பூட்டிவிட்டுச் சாவியோடு படியில் உட்கார்ந்திருப்பார். எங்கள் ஜெபத்துக்குத் தம்பி பூட்டுவான். படியிலேயே உட்கார்ந்து கேட்டு எங்கள் பாட்டெல்லாம் அவனுக்கு மனப்பாடம். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு நான் பூட்டுவேன். உள்ளே இருக்கிற ஆளைப் பூட்டிவிட்டு உட்காருவது எங்கள் யாருக்கும் விசித்திரமாகப் பட்டதே இல்லை.

அந்த வருடம் ஊரில் எங்கே பார்த்தாலும் ஒரு கொதிப்பு. எங்கள் அறைக் கதவிலும் ஒரு நாள் காவிச் சாயத்தில் எழுதியிருந்தார்கள், இது இனிமேல் கோயில் மட்டும்தான் என்று. ஐயர் வீட்டுப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "பூஜை பண்றது நான், என்னைக் கேக்காம இதை எழுதறதுக்கு இவா யாரு?" என்று மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாள். கை முழுக்கச் சாயம் அப்பிக்கொண்டது. நான் வார்டனிடம் போய்க் கத்தினேன். பார்ப்போம் என்றார். அந்த மனிதர் எதையும் பார்த்ததில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போலத் தொழுகைக்கு வந்தார்கள். வாசலில் செருப்புகளும் ஷூக்களும் குவிந்தன. பீகாரிலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவனும் அன்றைக்கு முதல்முறையாக வந்திருந்தான். எல்லாரும் உள்ளே போனதும் பூட்டைப் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். தில்லிப் பெண் வெயிலில் கூந்தலை உலர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

சைக்கிள்கள் சரிந்து விழுகிற சத்தம்தான் முதலில் கேட்டது. திரும்பினால் ஒரு கூட்டம். முகத்தில் கைக்குட்டை, கையில் ஹாக்கி மட்டை, இரும்புக் குழாய். முன்னால் வந்தவன் முகத்தை மறைத்திருந்தும் எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. என் துறையிலேயே எனக்கு ஜூனியர். செவ்வாய்க்கிழமை சுண்டலுக்கு முதல் ஆளாக வந்து, இன்னொரு கரண்டி போடுங்க தீதி என்று கேட்டு வாங்கித் தின்கிறவன்.

"தீதி, சாவி தே தோ," என்றான். அக்கா, சாவியைக் கொடுத்துவிடு. குரலில் அத்தனை மரியாதை!

"எதுக்குலே?" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் நாகர்கோவில்தான் வரும்.

அவனுக்குத் தமிழ் புரியாவிட்டாலும் பதில் புரிந்துவிட்டது. மட்டையால் கதவில் ஓங்கி அடித்தான். உள்ளே ஓதிக்கொண்டிருந்த குரல் நின்றது. தில்லிப் பெண் என்னைப் பார்த்தாள், நான் கண்ணாலேயே பின்பக்கம் போகச் சொன்னேன். அறைக்குப் பின்னால் கம்பி போட்ட ஒரு ஜன்னல் உண்டு. அவள் ஓடினாள். பூஜைக்காரப் பெண் என்பதால் அவளை யாரும் தடுக்கவில்லை.

உள்ளேயிருந்து கதவோரம் தம்பியின் குரல் கேட்டது. தமிழில் பேசினால் அவர்களுக்குப் புரியாது என்று அந்த நேரத்திலும் அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

"யக்கா, தொறந்துராதிய! பின்னால கம்பியப் பேக்கப் பாக்கோம். கொஞ்ச நேரம் சமாளிச்சிக்கிடுங்க!"

சமாளிப்பதா? மூடிய கையில் சாவியை வைத்துக்கொண்டு கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். ஒருவன் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். அவன் கையைக் கடித்தேன். சும்மா பல் படுகிற கடி இல்லை, தோல் கிழிந்து வாயில் உப்புக் கரித்தது. அவன் அலறிக்கொண்டு விட்டான். அடுத்த நொடி இடது தோள்பட்டையில் மட்டை இறங்கியது. எலும்பு முறிகிற சத்தத்தை வெளியிலிருந்து கேட்பது வேறு, தன் உடம்புக்குள்ளிருந்து கேட்பது வேறு. படியில் விழுந்தேன். விழுந்தும் கையைத் திறக்கவில்லை. ஒருவன் ஷூ காலால் என் விரல்களை மிதித்து, சிகரெட்டை அணைப்பதுபோல அரைத்தான். நான் அவன் தாயை, தகப்பனை, அவனைப் பெற்ற நாளை என்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் செய்கிற அதே வாய்தான்.

சாவி கிடைக்கவில்லை என்றதும் செருப்புக் குவியலின்மேல் பைக்கிலிருந்து உறிஞ்சிய பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தினார்கள். ரப்பரும் தோலும் எரிந்து கறுப்புப் புகை கிளம்பியது. அது முழுக்கக் கதவுக்கடியில் நுழைந்து உள்ளே போனது. உள்ளே இருமல். அந்தப் புதுப் பையன் கதவைக் கையால் அறைந்து, "பாஹர் சே தாலா லகாயா ஹை!" என்று அலறினான். வெளியிலிருந்து பூட்டியிருக்கிறார்கள், வெளியிலிருந்து பூட்டியிருக்கிறார்கள். அந்தக் குரல் இன்றும் காதை விட்டுப் போகவில்லை.

திறந்தால் மட்டைகளுக்கு நடுவே வந்து விழுவார்கள். திறக்காவிட்டால் புகையில் சாவார்கள். மட்டையடி பட்டால் பிழைக்க வழியுண்டு, புகைக்கு வழியில்லை என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. எழுந்து பூட்டைப் பிடித்தேன். ஆனால் நசுங்கிய விரல்களால் சாவியைத் திருப்ப முடியவில்லை! இடது கையால் முயன்றால் தோள் உடைந்த வலியில் கண் இருட்டியது. என்னை அடித்தவர்களே இப்போது நெருப்புக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு "கோல், கோல்" என்று திறக்கச் சொல்லிக் கத்தினார்கள். சவத்து மூதிகளா, திறக்க விரலை விட்டீர்களா என்று அழுதுகொண்டே கத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அப்போது பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "நிகல் கயே அக்கா! எல்லாரும் வெளில வந்தாச்சு!"

பேட்மிண்டன் வலை கட்டுகிற இரும்புக் கம்பத்தை எங்கிருந்தோ இழுத்து வந்து, வெளியிலிருந்து நெம்பி ஜன்னல் கம்பியைப் பெயர்த்திருக்கிறாள். நான் பூட்டை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தேன்.

மற்றவர்கள் மரங்களுக்குள் ஓடினார்கள். ஓட வேண்டியதுதான், அதற்குத்தானே இத்தனை பாடு. ஆனால் தம்பி ஓடவில்லை. அறையைச் சுற்றிக்கொண்டு, வெறுங்காலோடு, என்னை நோக்கி வந்தான். "போலே, போயிருலே!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கேட்டானா? சுண்டல் தின்கிறவனின் மட்டை அவன் தாடையில் பட்டது. பல் தெறித்துப் படியில் விழுந்ததை நான் பார்த்தேன். விழுந்தவனை இன்னும் இரண்டு பேர் உதைத்தார்கள். தில்லிப் பெண் அந்தக் கம்பத்தைச் சுழற்றிக்கொண்டு வந்து ஒருவன் முழங்காலில் போட்டாள். அதற்குள் விடுதிச் சமையற்காரர்கள் விறகுக் கட்டையோடு ஓடி வந்தார்கள். கூட்டம் கலைந்தது. போலீஸ் வந்தபோது செருப்புகள் எரிந்து முடிந்திருந்தன.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட நர்ஸ் மார்த்தாண்டத்துக்காரி. "அந்தச் சாவியக் குடுத்துத் தொலைச்சிருக்கப்பிடாதா மக்களே?" என்றாள். அவளிடம் சண்டை போடத் தெம்பில்லை.

பிறகுதான் விசாரணைக் குழு வந்தது. அடித்தவர்கள் முகம் மூடியிருந்ததால் அடையாளம் தெரியவில்லையாம். நான் பெயர் சொன்னேன். ஆதாரம் கேட்டார்கள். ஆனால் பூட்டுக்கு ஆதாரம் இருந்தது. அந்தப் புதுப் பையன், தன்னை வெளியிலிருந்து பூட்டினார்கள், தன்னிடம் அதைச் சொல்லவே இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தான். அதில் பொய் ஒன்றும் இல்லை. வழக்கம் எங்களுக்கு ரத்தத்தில் ஊறிப்போயிருந்ததால், புதிதாக வருகிறவனிடம் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆக, முஸ்லிம் மாணவர்களைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்தவள் என்று குற்றவாளியாக மிஞ்சியது நான். படிப்பை விட்டே அனுப்பலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

குரங்குகளைப் பற்றிச் சொன்னேன். உறுப்பினர் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தலைமை தாங்கிய பேராசிரியை, கஞ்சி போட்ட பருத்திப் புடவை, என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்தப் பரிதாபத்துக்கு இன்னொரு மட்டையடி தேவலை.

தம்பியைக் கூப்பிட்டார்கள். தாடையில் கட்டு, வீங்கின உதடு. படிப்பு போனால் போகட்டும், இவன் என்ன சொல்லப்போகிறான் என்பதுதான் எனக்குப் பயம். அந்தப் புகைக்குள் இருந்தவன் அவன். ஒரு கணமாவது என்மேல் சந்தேகம் வந்திருக்காதா?

பேராசிரியை ஆங்கிலத்தில் கேட்டார். "நேராகவே கேட்கிறேன். மறுபடி அந்த அறைக்குள் போய், இந்தப் பெண் வெளியே பூட்ட நீங்கள் சம்மதிப்பீர்களா?"

அவன் என் கைக்கட்டைப் பார்த்தான். "மாட்டேன்," என்றான்.

பேராசிரியை பேனாவை எடுத்தார்.

அவன் முடிக்கவில்லை. தாடை நகராததால் ஒவ்வொரு சொல்லாக வந்தது. "நாங்கள் எல்லாரும் கதவுக்கு உள்பக்கம் இருந்தோம். அவர்கள் வந்த பக்கத்தில் இருந்தது அக்கா மட்டும். ஒருத்தரை அப்படி வெளியே நிற்க வைத்துவிட்டு நான் இனிமேல் உள்ளே தொழ மாட்டேன்."

அவன்மேல் பாசமும், இத்தனை அடிபட்டும் இப்படிப் பேசுகிறானே என்ற கோபமும் சேர்ந்து பொங்கின. "மேடம், இதை எழுதிக்கோங்க," என்றேன்.

பேராசிரியை பேனாவை மூடினார். "என் கேள்விக்கு மாட்டேன் என்பதுதான் பதில். மற்றது அவருடைய உணர்ச்சி," என்றார்.

முன்னாலிருந்த எவர்சில்வர் தம்ளரை எடுத்து எறிந்தேன்.

பூட்டியதற்கு என்னை ஒன்றும் செய்ய முடியவில்லை, உள்ளே இருந்த மற்றவர்களும் வந்து சொல்லிவிட்டார்கள். தம்ளர் எறிந்ததற்கு ஒரு செமஸ்டர் வெளியே அனுப்பினார்கள். வருந்துகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் குறைப்பதாகச் சொன்னார்கள். எழுதவில்லை. வலது கையில் கட்டுப் போட்டிருந்ததால் தோள் சரியாகக் கூடாத இடது கையால் எறிய வேண்டியதாயிற்று, குறி தப்பிவிட்டது. அது ஒன்றுதான் எனக்கு வருத்தம்.